சீக்கு நாயைப் பார்க்கப் போனவர்கள்

'நாய் பால்வாடி' என்று எங்கள் தெருவில் முதலில் சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். ஆம்பூரில் ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியில், தலை நரைக்கிறவரை தரம் பார்க்கிற மேஜையில் நின்றவன் நான். தையல் ஒரு நூல் கோணினாலும் ஜோடியையே தூக்கி ரிஜக்ட் கூடையில் போட்ட கை இது. கம்பெனியில் ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டார்கள். வேலூரில் சத்துவாச்சாரி வீட்டில் வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, "இன்னா சார், பால்வாடி தொறந்தாச்சா?" என்று பால்காரன் முதற்கொண்டு கேட்டால் பற்றிக்கொண்டு வருமா வராதா?

பெயர் என்னவோ பொருத்தம்தான். என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். சுற்றிலும் குடியிருந்தவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். நர்ஸ், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுக்கிறவர், ஆபீஸ் கிளார்க். புருஷனும் பெண்டாட்டியும் டூட்டிக்குக் கிளம்பிவிட்டால், பூட்டின வீட்டுக்குள் நாய் நாள் முழுக்க ஊளையிடும். தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டுக்கு வீடு பாமரேனியன் வாங்கின காலம். என் மனைவி ஒருநாள் தன்னோடு வேலை செய்கிறவளின் நாயை, "சாயங்காலம் வரைக்கும்தாங்க" என்று கொண்டுவந்து விட்டாள். அப்புறம் இன்னொன்று வந்தது. அதற்கப்புறம் கேட்பானேன்! பின்பக்கம் வேப்பமரத்தடியில் சிமெண்ட் தரை போட்டு, தகரம் இறக்கி, கம்பிவலை அடித்தேன். காலையில் விட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் கூட்டிப்போவார்கள். சம்பளம் வாங்கின காலத்தில் இல்லாத மரியாதை எனக்கு அந்த நாய்களிடம் கிடைத்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நாய்களைச் சேர்த்து வைத்தால் சீக்கும் சேர்ந்து வரும் என்று எனக்குச் சொன்னவர் அரசாங்கக் கால்நடை டாக்டர். சாயங்காலத்தில் தன் வீட்டிலேயே நாய்களைப் பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் பயமுறுத்துகிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். "பார்வோன்னு ஒரு வைரஸ் இருக்கு. வாந்தி வரும், ரத்தமா போகும், குட்டியா இருந்தா தாங்காது. ஒண்ணுக்கு வந்தா மத்ததுக்கும் வரும். தரையில விழுந்தா மாசக்கணக்கா சாவாது. உங்க ஃபினாயிலுக்கெல்லாம் அது அசையாது."

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாங்க இவரு? வார்டையே நாங்க ஃபினாயில் போட்டுத்தான கழுவுறோம்?" என்றாள். அவளுக்கு ஃபினாயில் வாசனை வந்தால்தான் இடம் சுத்தம். டாக்டர் மசியவில்லை. முதலில் அழுக்குப் போகத் தேய்க்கணும், அப்புறம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஊறவிடணும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பின்பக்கம் குடிதண்ணீர்த் தொட்டி கழுவின வாசனைதான்.

நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கம்பெனி மேஜையை அப்படியே கேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொரு நாயையும் மூக்கு, கண், வால்பக்கம் எல்லாம் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். சோர்ந்திருந்தால் திருப்பி அனுப்புவேன். நாய்க்கு நாய் தனித் தட்டு. ஊசி முழுசாக முடியாத குட்டிக்கு இடமே கிடையாது. "மெடிக்கல் சீட் கூட ஈஸியா கெடைக்கும் போல" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்படி நான் இடம் கொடுக்காத குட்டிதான் டீச்சருடையது.

டீச்சர் அடுத்த தெருவில் தனியாக இருந்தார். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் டாக்டர் வருகிறாரோ இல்லையோ, டீச்சர் வந்துவிடுவார். கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருக்கும். தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துச் சின்னதாக ஒரு ஜெபம் செய்வார். எங்கள் சபை, அவங்க சபை என்றெல்லாம் பார்க்கமாட்டார். பாய் வீடுகளுக்கும் போவார். அங்கே சத்தமில்லாமல் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வருவார். வேலை போன கவலையில் நான் மஞ்சள்காமாலையோடு படுத்துக்கிடந்தபோதும் வந்தார். வந்து பார்ப்பதால் சீக்கு போய்விடுமா என்று நான் எரிந்து விழுந்தேன். "போவாது தம்பி. ஆனா யாருமே வரலன்னா, நம்மள மறந்துட்டாங்கன்னு படுத்திருக்கிறவன் நெனச்சிடுவான் பாரு, அதுதான் கஷ்டம்" என்றார்.

அந்தக் குட்டியை மழையில் சர்ச் கேட்டோரம் கண்டு எடுத்துவந்தாராம். செம்பட்டை நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது தொங்கும். எந்த ஜாதியிலும் சேராத நாய். டீச்சர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் கேட்டில் வந்து நிற்பார். "ஸ்கூல்ல எந்நேரமும் பசங்க சத்தம் தம்பி. ரிட்டயர் ஆனதும் வீடு ஊமையாப் போச்சு. சோறே எறங்கல. இது வந்த பெறகுதான் ரெண்டு வேளை சாப்பிடுறேன். இதுக்கும் கூட வெளையாட நாலு பேரு வேணும்ல, சேத்துக்கோயேன்."

"ஊசி முடியட்டும் டீச்சர். அப்புறம்தான் அட்மிஷன்."

"நான்கூட இவ்ளோ கறாரா பசங்கள சேத்ததில்ல" என்று சிரிப்பார். முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தது பாக்கி இருந்தது. வலைக்கு வெளியே நின்று, உள்ளே ஓடுகிற நாய்களைக் குட்டிக்குக் காட்டுவார். "இதாண்டா உன் ஸ்கூலு, பாத்துக்கோ."

சீக்கு லேப் டெக்னீஷியனின் பாமரேனியன் வழியாக வந்தது. ஆற்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு அதையும் தூக்கிக்கொண்டு குடும்பமே போயிருந்தது. திரும்பி வந்து ஒரு நாள் எங்களிடம் நன்றாகத்தான் விளையாடியது. மறுநாள் காலையில் கேட்டிலேயே கக்கிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அப்படியே டாக்டர் வீட்டுக்கு அனுப்பினேன். பார்வோதான் என்றார். வருஷா வருஷம் போட வேண்டிய ஊசியைப் போடாமல் விட்டிருந்தார்கள் என்பதும் அங்கேதான் தெரியவந்தது.

அன்றைக்கே பால்வாடியை மூடினேன். எல்லா நாய்களையும் வீட்டுக்கு அனுப்பினேன். தட்டுகளைக் கொளுத்தினேன், கோணிகளைக் கொளுத்தினேன். தரையைத் தேய்த்துத் தேய்த்து என் கை தோல் உரிந்தது. வேப்பமரத்தைச் சுற்றி மண்ணை வெட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு கொட்டினேன். தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற ஊரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், நாயை வாசலைத் தாண்ட விடக்கூடாது என்று கத்திவிட்டு வந்தேன். எல்லோரும் அப்படியே கேட்டார்கள். ஒரு நாய்கூடத் தெருவுக்கு வரவில்லை. நாய்களைப் பொறுத்தவரை என் காவலில் ஓட்டையே கிடையாது.

ஆனால் ஒரு வாரம் போனதும் ஒரு நர்ஸ் வீட்டு லேப்ரடார் படுத்துக்கொண்டது.

அவ்வளவுதான், எல்லோரும் என் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். "நீங்க சரியா கழுவல போல சார்" என்று ஒருவர் ஆரம்பித்தார். இத்தனை நாள் கூழைக்கும்பிடு போட்டுக்கொண்டு நாயைக் கொண்டுவந்து விட்டவர் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாடா போடா என்று பேசிவிட்டேன். நல்ல வேளையாக லேப்ரடாருக்கு மருந்து கொடுக்க வந்திருந்த டாக்டர் சத்தம் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "நாய் எங்கயும் போகலைன்னு சொல்றீங்க. சரி, மனுஷங்க எங்க போனீங்க?" என்று கேட்டார்.

லேப்ரடார் வீட்டு நர்ஸ் மெதுவாக, "பாமரேனியனப் பாக்கப் போனோம் டாக்டர். அவ்ளோ சீரியஸா இருக்குன்னு சொன்னாங்க, போவாம எப்படி?" என்றாள்.

"நானும் போனேன். ஒரு ரெண்டு நிமிஷந்தான்" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

ஆபீஸ் கிளார்க் போயிருந்தார். அவர் மனைவி தனியாக ஒருமுறை போயிருந்தாள். பாமரேனியன் வீட்டு டேபிளில் ரொட்டியும் பிஸ்கட்டும் ஆரஞ்சுப்பழமும் குவிந்து கிடந்ததாம். வார்டில் ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடுவதற்குள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவர்கள் இவர்கள்! சீக்கென்று கேள்விப்பட்டால் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. ஆஸ்பத்திரி ஊரில் அது இன்னும் ஜாஸ்தி. போய்ப் பார்த்து, தடவிக்கொடுத்து, அதே செருப்போடும் புடவையோடும் தங்கள் நாயிடம் திரும்பி வந்திருந்தார்கள். என் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அடிப்பாவி, நீயுமா!

கூட்டத்தின் ஓரத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான்தாங்க டாக்டர் மொதல்ல போனேன். என்னப் பாத்துத்தான் இவங்கல்லாம் போயிருப்பாங்க" என்றார். "பாவம், தலைய தூக்க முடியாம கெடந்துச்சு. மடியில போட்டுக்கினு ஜெபம் பண்ணேன். அதே புடவையோட வீட்டுக்குப் போனேன். எங்குட்டி ஓடியாந்து முந்தானையக் கவ்வி இழுத்துச்சு. அது எப்பவும் அப்படித்தான் இழுக்கும்." முந்தானையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அதுக்கு வந்துடுமா டாக்டர்?"

"இப்ப நல்லாதான இருக்கு? பாக்கலாம்மா" என்றார் டாக்டர்.

டீச்சர் குட்டியைப் பார்க்க வேண்டும் என்று வேகமாக வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கேயே எல்லோர் முன்னாலும் நான் விதி போட்டேன். சீக்கு நாய் இருக்கிற வீட்டுக்கு இனி யாரும் போகக்கூடாது. டாக்டர் மட்டும்தான் போவார். போனில் விசாரித்தால் போதும். போனது தெரிந்தால் அந்த வீட்டு நாய்க்குப் பால்வாடியில் என்றைக்கும் இடமில்லை. தலையாட்டினார்கள். பயந்திருந்தார்கள், அதனால் கேட்டார்கள். டாக்டர்கூட என் முதுகைத் தட்டினார். அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக் கேட்டில் நின்று அவருக்கும் விதியைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சில நாட்கள் டீச்சர் வீட்டுப்பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் கம்பவுண்டுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பேன். "எப்படி இருக்கு டீச்சர்?" உள்ளிருந்து, "நல்லா சாப்பிட்டான் தம்பி" என்று பதில் வரும். ஒருநாள் வந்த பதில் வேறு. "காலைல பால் வச்சேன், மோந்து பாத்துட்டுப் படுத்துக்கிச்சு."

டாக்டர் காலையும் மாலையும் வந்து ட்ரிப் ஏற்றினார். பாமரேனியன் பிழைத்துக்கொண்டது, லேப்ரடாரும் தேறிவிட்டது, இதுவும் பிழைத்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். நினைத்தேனா, வேண்டிக்கொண்டேனா, இரண்டும்தான்.

என் மனைவி புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். "ஏங்க, நான் ஒரு நட போய்ட்டு வந்துடறேங்க. அந்தம்மா தனியா ராத்திரியெல்லாம் ட்ரிப்ப புடிச்சிக்கினு உக்காந்திருக்காங்களாம். வெளியவே குளிச்சிட்டுத்தான் உள்ள வருவேன்."

"சிஸ்டரே போனாங்கன்னு நாளைக்கு மத்தவங்க கெளம்புவாங்க. அவங்களும் குளிப்பாங்களா? நீ சொல்லு."

அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். நான் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தம்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் எழுதிக்கொடுத்த குளுகோஸ் பாட்டில்களை வாங்கிக்கொண்டு நானே போனேன். கம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு மணி அடித்துச் சொல்லிவிட்டு வந்துவிடுவதாகத் திட்டம். கேட்டை நெருங்கியதும் வராண்டாவைப் பார்த்தேன். வீட்டில் இருந்த நாற்காலிகளையெல்லாம் டீச்சர் வெளியே எடுத்துப் போட்டிருந்தார். சுவரோரமாக வரிசையாக, ஸ்டூல்கூட விடாமல். ஓரத்தில் டீ ஃபிளாஸ்க், கவிழ்த்து வைத்த டம்ளர்கள், ஒரு தட்டில் பிஸ்கட், மேலே துணி. நடுவில் கோணியில் குட்டி கிடந்தது. நிமிர்ந்திருக்கிற காதும் தொங்கிவிட்டது. டீச்சர் தரையில் உட்கார்ந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வா தம்பி, உள்ள வா. டீ சூடா இருக்கு."

"இல்ல டீச்சர். இதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"யாரையும் காணோம். எல்லாருக்கும் டூட்டி போல..." என்று நாற்காலிகளைப் பார்த்தவர், உடனே நெற்றியில் கை வைத்தார். "அட, நீதான் வரக்கூடாதுன்னு சொல்லிட்டியே. நான் ஒரு பைத்தியம், மறந்தே போய்ட்டேன். சரிதான் தம்பி, அதான் நல்லது. நான்தான போய்ப் பாத்து இவனுக்குச் சீக்க வாங்கியாந்தேன்."

பாட்டில்களைச் சுவர்மேல் வைத்தேன். நான் வண்டியைத் திருப்புகிறவரை அவர் கையில் ஒரு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

குட்டி மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது. டாக்டரின் உதவியாள் வந்து டீச்சர் வீட்டுக் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார். அந்தச் சுண்ணாம்பு மூட்டையை அனுப்பியது நான். சாவுக்கும் யாரும் போகவில்லை. போன் செய்தார்கள். வரிசையாக எல்லோரும் போன் செய்தார்கள். டீச்சர் வீட்டில் போன் கிடையாது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் போனில் வந்ததையெல்லாம் சுவருக்கு அப்பால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் ஒரு நாய்க்கும் அந்தச் சீக்கு வரவில்லை. பால்வாடியைத் திரும்பத் திறந்தபோது, கேட்டில் ஒரு அகலத் தட்டில் ப்ளீச்சிங் தண்ணீர் வைத்தேன். வருகிறவர்கள் அதில் கால் வைத்துவிட்டுத்தான் நாயை ஒப்படைக்க வேண்டும். என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசிக்கொண்டார்கள். காட்பாடியில் இருந்தெல்லாம் நாய் வந்தது. அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலிகள்தான் ஞாபகம் வரும். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். நாளைக்கே இன்னொரு நாய்க்கு வந்தாலும் அதே விதியைத்தான் போடுவேன். ஆனால் அய்யோ, அந்த ஒரு சாயங்காலம் அந்த வராண்டாவில் யாராவது ஒருத்தர் உட்கார்ந்திருந்திருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்ன செய்ய!

டீச்சர் வேறு நாய் வளர்க்கவில்லை. யாரையும் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டார். எக்ஸ்ரேக்காரரின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, "டீச்சர் ஏன் வர்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். சர்ச்சில் பார்த்தால் சிரிப்பார், நலம் விசாரிப்பார். அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து எனக்கு மூச்சிரைப்பு ஜாஸ்தியாகி, பால்வாடியை ஒரேயடியாக மூடினேன். கம்பிவலையைப் பிரித்தாயிற்று. கேட்டிலிருந்த ப்ளீச்சிங் தட்டும் எங்கேயோ போய்விட்டது. அந்த மழைக்காலத்தில் என் மனைவி படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தாள். ஒரு மத்தியானம் கேட் அசையும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

டீச்சர் நின்றிருந்தார். ரொம்ப மெலிந்து போயிருந்தார். கையில் ரொட்டிப் பாக்கெட். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பு தட்டு இருந்த இடத்தில் அதைத் தேடினார். அது இல்லை என்றதும் அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் குரலில் குத்தல் இல்லை. குத்தலாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். வகுப்பு வாசலில் நிற்கிற பிள்ளை கேட்பதுபோல நிஜமாகவே கேட்டார்.

"உள்ள வரலாமா தம்பி? இல்ல, இங்கயே நின்னு பாத்துட்டுப் போட்டுமா?"